கதவைத் திறந்தால் டீசல்!

சரத் என்றதும் நடிகர் ஞாபகம் வந்தால் அவரை ஓரமாக உட்கார வையுங்கள். நம்ம ஆள் வேறு. எடை 14 டன்னுக்குக் கொஞ்சம் மேல். மூன்று யானைக்குச் சமம். சோவியத் நாட்டின் பிஎம்பி-2 வண்டியை உரிமம் வாங்கி, 1987 முதல் மேடக் தொழிற்சாலையில் நாமே செய்த செயின் வண்டி. காலாட்படை ஜவான்களைச் சண்டை நடக்கும் இடம்வரை கொண்டுபோய் இறக்கிவிடுவது இதன் வேலை. இறக்கிவிட்டுச் சும்மா இராமல், கூடவே நின்று சுடவும் செய்யும்.

வாங்க, பின்பக்கமாக ஏறலாம். இரண்டு கதவு. இழுத்துப் பாருங்கள், என்ன கனம்! இரும்பு என்பதால் மட்டுமா? கதவுக்குள்ளே டீசல் இருக்கிறது சார், டீசல்! வீட்டில் நாம் கதவுக்குப் பின்னால் துடைப்பம் வைப்போம். இங்கே கதவே எரிபொருள் தொட்டி. சண்டைக்குப் போவதற்குமுன் அதைக் காலி செய்துவிடுவார்கள், பயப்படாதீர்கள்.

உள்ளே ஆறு ஜவான்கள், முதுகோடு முதுகு வைத்து வெளிப்பக்கம் பார்த்து உட்காருவார்கள். நடுவில் சாய்ந்துகொள்ள வாகாக ஒரு தடுப்பு. அது என்ன என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். அதுதான் முக்கிய டீசல் தொட்டி. எல்லாத் தொட்டியும் சேர்த்தால் ஏறக்குறைய 460 லிட்டர்.

எனக்கு இந்த வண்டியில் பிடித்ததே இந்தக் கஞ்சத்தனம்தான். மும்பை ஒற்றை அறைக் குடித்தனம் மாதிரி, எந்தப் பொருளுக்கும் ஒரே வேலை என்பது கிடையாது. ஜவான்கள் உள்ளிருந்தபடியே சுட பக்கச் சுவரில் துளைகள் உண்டு. சுட்டால் புகை உள்ளேயே சூழ்ந்துவிடுமே? அதற்குத் துப்பாக்கியில் மாட்டும் குழாய் இருக்கிறது, புகையை உறிஞ்சி வெளியே தள்ள!

முன்னால் இடப்பக்கம் ஓட்டுநர். ஸ்டியரிங் வட்டத்தைத் தேடாதீர்கள். புல்லட்டில் இருப்பதுபோல ஒரு ஹேண்டில்பார்! அதை இடப்பக்கம் திருப்பினால் இடது செயின் மெதுவாகும். வலது செயின் அதே வேகத்தில் ஓடும். வண்டி இடப்பக்கம் வளையும். மாட்டுவண்டிக்காரர் ஒரு மாட்டின் கயிற்றை மட்டும் இழுப்பாரே, அதே வித்தைதான்.

ஓட்டுநருக்கு வலப்புறம், தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் யூடிடி-20 இன்ஜின். 300 குதிரைத்திறன், ஆறு சிலிண்டர். இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்திக்கொள்ளலாம்: இது ஆவடி இன்ஜின் தொழிற்சாலையின் தயாரிப்பு. மூன்று மூன்றாகப் பிரிந்த சிலிண்டர்கள் 120 டிகிரிக்கு அகலக் கால் பரப்பிக் கிடப்பதால் இன்ஜின் உயரமே இல்லை. வண்டியின் மூக்கு அவ்வளவு தட்டையாக இருப்பது அதனால்தான். கிளப்புவது எப்படி? பேட்டரியிலும் கிளம்பும், ஆனால் தனி சிலிண்டரில் அடைத்துவைத்த காற்றைப் புஸ்ஸென்று திறந்துவிட்டும் கிளப்பலாம்.

இன்னொரு வேடிக்கை, ரேடியேட்டருக்கு மின்விசிறி இல்லை! லாரி விர்ரென்று போனால் ரோட்டோரக் காகிதம் அதன் பின்னாலேயே ஓடுமே, பார்த்திருப்பீர்கள். இங்கே இன்ஜின் புகை வேகமாக வெளியேறும்போது கூடவே வெளிக்காற்றையும் ரேடியேட்டர் வழியாக இழுத்துக்கொண்டு போகிறது. புகைக்கு இன்னொரு வேலையும் உண்டு. எதிரி கண்ணில் மண்ணைத் தூவ வேண்டுமா? கொதிக்கும் புகைக்குழாயில் டீசலைத் தெளித்தால் போதும், வண்டிக்குப் பின்னால் வெள்ளைத் திரை விழுந்துவிடும்.

கீழே பக்கத்துக்கு ஆறு சக்கரம். ஸ்பிரிங் என்று தேடினால் கிடைக்காது. நீளமான எஃகுத் தண்டுகள்தான். சக்கரம் மேட்டில் ஏறினால் தண்டு முறுக்கிக்கொள்ளும், இறங்கினால் பிரியும். செயின் எடையைப் பரப்பிவிடுவதால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு முக்கால் கிலோகூட அழுத்தம் விழாது. நம் கார் டயர் இதைப்போல மூன்று பங்கு அழுத்துகிறது. சேற்றில் கார் மாட்டும், இது போகும்.

உச்சகட்டம் தண்ணீரில்! ஆறு வந்தால் பாலத்தைத் தேடாமல் இறங்கிவிடும். மூக்கில் படுத்திருக்கும் பலகையை நிமிர்த்தினால் அலை மேலேறாது. ஆனால் பலகை ஓட்டுநரின் பார்வையை மறைக்குமே? அவர் தன் பெரிஸ்கோப்பைக் கழற்றி நெட்டையான இன்னொன்றை மாட்டிக்கொள்வார். துடுப்பு, புரொபெல்லர் எதுவும் கிடையாது, செயின்தான் நீந்துகிறது. செயினின் கீழ்ப்பாதி தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. மேல்பாதியோ எதிர்த் திசையில் ஓடி அந்த உழைப்பைக் கெடுக்கப் பார்க்கும். அதனால் அதற்குத் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள். கசியும் நீரைப் பம்புகள் வெளியேற்றும். சாலையில் மணிக்கு 65 கிலோமீட்டர் பறக்கிற வண்டி, ஆற்றில் 7 கிலோமீட்டர் வேகத்தில் அன்னநடை போடும்.

மேலே சுழலும் கூண்டில் கமாண்டரும் கன்னரும், 30 மில்லிமீட்டர் பீரங்கியும், அதற்கு 500 குண்டுகளும். பீரங்கிக் குழாயைக் கிட்டத்தட்ட வானம் பார்க்க நிமிர்த்தலாம். மலை உச்சியில் இருப்பவரும் தப்ப முடியாது. மற்றபடி பீரங்கியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

ஜனவரி 26 அணிவகுப்பில் சரத் வந்தால், தயவுசெய்து முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிவிடாதீர்கள். வண்டி கடந்து போகும்வரை காத்திருந்து பின்கதவுகளைப் பாருங்கள்.