உச்சியும் திரும்பும் நேரமும்

ஹைதராபாத்திலிருந்து வாரங்கல் செல்லும் வழியில் நிற்கும் புவனகிரிக் கோட்டைப் பாறையை நம்மில் பலர் கண்டிருப்போம். 2014 மே 25 அன்று, தம் 13 ஆம் வயதில் எவரெஸ்ட் உச்சியை எட்டிய மாலாவத் பூர்ணா பயிற்சி பெற்றது இப்பாறையிலேதான். ஆயினும் பாறை கைப்பழக்கத்தைத் தருமேயன்றி, உயரத்தையும் காற்றையும் கற்பிக்காது.

நெல்லூர் மாவட்டத்து மல்லி மஸ்தான் பாபு, 2006இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் 172 நாள்களில் ஏறி முடித்தவர். அத்தகையவரே 2015 மார்ச்சில், ஆண்டிஸ் மலைத்தொடரின் 6,748 மீட்டர் சிகரமொன்றில் தனியே ஏறச் சென்று உயிருடன் திரும்பவில்லை. திறமை மட்டும் காவலாகாது என்பதை நாம் உணர்கிறோம்.

அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தினும் பாதிக்குக் குறைவு. ஆகவே 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்திச் செல்லுதல் வேண்டும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தாக்குதல் நான்கு மடங்காகும். எனவே காற்றுத் தணியும்வரை காத்திருக்க மிகுதியான உணவும் நாள்களும் கைவசம் இருத்தல் வேண்டும். துணையின்றி ஏறலாகாது. திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவு செய்து, உச்சி கண்ணெதிரே நிற்பினும் அந்நேரத்தில் திரும்பிவிட வேண்டும்.

செல்லும் வழியையும் மீளும் நாளையும் வீட்டாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுவோம். தேடி வருவோர்க்கு அந்த ஒரு தாளே வழிகாட்டி.