முழுநேர வேலையை விடாமல் சொந்தத் தொழில் தொடங்குவோர் முதலில் அறிய வேண்டியவை

பகலில் பல்பொருள் அங்காடியில் காசாளர். இரவில் பிறந்தநாள் கேக் செய்பவர். வார நாட்களில் மருத்துவமனை ஊழியர். சனி, ஞாயிறுகளில் திருமண மண்டபங்களில் படப்பிடிப்பாளர். லண்டன் வாழ் தமிழர்களிடையே இத்தகைய இரட்டை உழைப்பு புதியதன்று. சம்பளம் மாதந்தோறும் வந்துகொண்டிருக்க, சிறு தொழிலொன்றைப் பரீட்சித்துப் பார்ப்பது விவேகமான வழியும்கூட. பிரித்தானியச் சட்டம் இதனைத் தடைசெய்யவில்லை. ஆயினும் இவ்வாறு தொடங்குவோரிற் பலர் தொழிலின் இலாப நட்டத்தைக் கணக்கிடும் அளவிற்கு, கையிலிருக்கும் வேலைக்கும் வதிவிட உரிமைக்கும் நேரக்கூடிய இடரைக் கணக்கிடுவதில்லை. கேக் விற்காமற் போனால் இழப்பு சில நூறு பவுண். அனுமதி பெறாமல் விற்றதற்காக வேலை பறிபோனால் இழப்பு வேறு வகையினது.

ஆகவே பெயர்ப்பலகை, முகநூற் பக்கம், விலைப்பட்டியல் ஆகியவற்றுக்கு முன்பாகப் பார்க்க வேண்டிய ஆவணங்கள் இரண்டு. ஒன்று வேலை ஒப்பந்தம். மற்றையது குடிவரவு அனுமதி.

வேலை ஒப்பந்தம்

ஒப்பந்தம் கையில் இல்லை என்போர் அதனைக் கேட்டுப் பெறலாம். 2020 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த எவருக்கும், வேலை தொடங்கும் நாளிலேயே முக்கிய நிபந்தனைகளை எழுத்தில் வழங்குவது தொழில் வழங்குநரின் கடமையாகும். வேறு ஊதிய வேலை பார்ப்பதற்குக் கட்டுப்பாடு இருப்பின், பெரும்பாலும் அது ‘வெளி வேலை’, ‘பிற தொழில் ஈடுபாடு’, ‘நலன் முரண்பாடு’ போன்ற தலைப்புகளின் கீழ்க் காணப்படும். ஒப்பந்தத்தில் இல்லாவிடினும் பணியாளர் கைநூலில் இருக்கக்கூடும். அரசுத்துறை, மருத்துவமனை, வங்கி ஆகியவற்றில் பணிபுரிவோர் வெளி வேலையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது வழமையான விதியாகும்.

ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லையென்றால் தடையே இல்லை என்று கருதுவது தவறு. வேலையில் இருக்கும் வரை தொழில் வழங்குநருக்கு விசுவாசமாக நடந்துகொள்ளும் கடமை, எழுதப்படாமலே ஒவ்வொரு வேலை ஒப்பந்தத்திலும் அடங்கியுள்ளது என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் வழக்கில் வடமேற்கு லண்டன் வாசிகளுக்குப் பழக்கமான ஒரு பெயர் வருகின்றது. 1946 இல் தீர்ப்பளிக்கப்பட்ட ஹைவாக் எதிர் பார்க் றோயல் வழக்கு அது. ஹைவாக் நிறுவனம் செவிப்புலக் கருவிகளுக்கான நுண்ணிய வால்வுகளைத் தயாரித்தது. அதன் திறமைமிக்க தொழிலாளர் சிலர், தமது ஓய்வு நாளாகிய ஞாயிற்றுக்கிழமைகளில், அதே வகை வால்வுகளைச் செய்யும் போட்டி நிறுவனத்திற்கு வேலை செய்தனர். வெளி வேலையைத் தடுக்கும் நிபந்தனை எதுவும் அவர்களுடைய ஒப்பந்தத்தில் இருக்கவில்லை. இரகசியம் எதனையும் அவர்கள் வெளியிட்டதாக நிறுவப்படவும் இல்லை. எனினும் மேன்முறையீட்டு நீதிமன்றம் தடையுத்தரவு வழங்கியது. தொழிலாளியின் ஓய்வு நேரத்தை வீணாகக் கட்டுப்படுத்த நீதிமன்றம் தயங்கும் என்பதை ஏற்றுக்கொண்டே, தன் தொழில் வழங்குநருக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும் போட்டியாளருக்கு உழைப்பதை அந்த ஓய்வு நேரமும் நியாயப்படுத்தாது என அது கண்டது.

இத்தீர்ப்பை நடைமுறைக்குப் பொருத்திப் பார்த்தால் எல்லை ஓரளவு தெளிவாகும். பேருந்து ஓட்டுநர் ஒருவர் விடுமுறையில் மண்டப அலங்காரம் செய்வது அவருடைய நிறுவனத்தோடு போட்டியாகாது. கணக்காளர் அலுவலகமொன்றில் பணிபுரிபவர், மாலையில் அதே ஊர்க் கடைக்காரருக்குத் தனியாக வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பது போட்டியாகும். இடைப்பட்ட நிலையில் இருப்போர் கேட்டுத் தெளிவதே நன்று.

வாடிக்கையாளர் பட்டியல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1895 ஆம் ஆண்டின் றொப் எதிர் கிறீன் வழக்கில், வேட்டைப் பறவைப் பண்ணையொன்றின் மேலாளர் வேலையை விடுமுன் வாடிக்கையாளர் பெயர், முகவரிகளைப் பிரதிசெய்து எடுத்துச் சென்று, பின்னர் சொந்தமாக அதே வியாபாரத்தைத் தொடங்கினார். அவர் இழப்பீடு செலுத்த நேர்ந்தது. அன்று கைப்பட எழுதியதை இன்று கைபேசியில் ஒரு படமாக எடுக்கலாம். சட்டத்தின் பார்வையில் வேறுபாடு இல்லை. எதிர்காலத்தில் சொந்தத் தொழில் செய்ய எண்ணுவதும், அதற்கு ஓரளவு ஆயத்தம் செய்வதும் தம்மளவில் குற்றமாகா. நிறுவனத்தின் பட்டியலை எடுப்பதும், வேலை நேரத்தில் அந்நிறுவன வாடிக்கையாளரைத் தன்பக்கம் அழைப்பதும் அவ்வாறானவையல்ல.

கணினித் துறையினருக்கு இன்னொரு கவனம் தேவை. 1988 ஆம் ஆண்டின் பதிப்புரிமை, வடிவமைப்பு, காப்புரிமைச் சட்டத்தின்படி, வேலையின் ஒரு பகுதியாக ஊழியர் உருவாக்கும் ஆக்கத்தின் பதிப்புரிமை, மாறான உடன்பாடு இல்லாதவரை, தொழில் வழங்குநருக்கே உரியது. மென்பொருளும் இதில் அடங்கும். சொந்தச் செயலியை அலுவலக மடிக்கணினியில், அலுவலக நேரத்தில் எழுதுபவர், பின்னாளில் அது யாருடையது என்ற வழக்கிற்குத் தாமே சான்று தயாரிக்கிறார்.

அனுமதி கேட்பது எவ்வாறு? எழுத்தில் கேட்க வேண்டும். என்ன தொழில், வாரத்தில் எத்தனை மணி நேரம், எந்நாட்களில், நிறுவனத்தின் தொழிலோடு ஏன் மோதாது, நிறுவனத்தின் கருவிகள் எவையும் பயன்படுத்தப்படமாட்டா என்பவற்றை அரைப் பக்கத்திற்குள் அடக்கலாம். மேலாளர் ‘செய்யுங்கள், பிரச்சினை இல்லை’ என வாயால் சொன்னால், அன்றைக்கே நன்றி கூறி ஒரு மின்னஞ்சல் அனுப்பி அதனைப் பதிவாக்கிக்கொள்வது நல்லது. மேலாளர்கள் மாறுவார்கள், வாய்மொழி அனுமதி அவர்களோடு போய்விடும்.

மணி நேர உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தத்தில் பணிபுரிவோர், நடைமுறையில் முழுநேரம் உழைப்பவராயினும், வேறெங்கும் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனையால் கட்டுப்பட்டவரல்லர். 2015 முதல் அத்தகைய நிபந்தனையைச் சட்டம் செல்லாததாக்கியுள்ளது. பராமரிப்பு இல்லங்களில் பணிபுரியும் பலருக்கு இது பொருந்தும்.

சுகவீன விடுப்பில் உள்ள நாளில் சந்தையில் கடை போடுவது பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. சுகவீனக் கொடுப்பனவு பெற்றுக்கொண்டே தொழில் நடத்தியமை பணிநீக்கத்திற்குக் காரணமாகலாம். அதற்கான சான்று பெரும்பாலும் அவர்களுடைய முகநூற் பக்கத்திலேயே கிடைக்கின்றது.

குடிவரவு அனுமதி

பிரித்தானியக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட உரிமை பெற்றோருக்கு இங்கு தடை ஏதும் இல்லை. பட்டதாரி விசாவில் உள்ளோரும் சுயதொழில் செய்யலாம். மாணவர் விசாவில் உள்ளோர் செய்ய முடியாது. தவணைக் காலத்தில் அனுமதிக்கப்பட்ட வேலை நேரத்தைச் சொந்தத் தொழிலுக்கு ஒதுக்கலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு, அந்த மணி நேரங்கள் பிறரிடம் ஊழியராக வேலை செய்வதற்கு மட்டுமே உரியவை. புகலிடக் கோரிக்கை முடிவாகாத நிலையில் வேலை செய்ய அனுமதி பெற்றவர்களுக்கும் அவ்வனுமதி சுயதொழிலை உள்ளடக்காது. திறன் பணியாளர் விசா குறித்த நிறுவனத்தின் குறித்த பணிக்காக வழங்கப்படுவது. அதற்கு மேலதிகமான எந்த வருமானமும் விதிகளின் குறுகிய எல்லைக்குள் அடங்க வேண்டும். இவ்விசாவில் உள்ளோர், குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவுபெற்ற ஆலோசகரிடமோ சட்டத்தரணியிடமோ கேட்காமல் ஒரு பவுணுக்கும் விற்பனை செய்யாதிருப்பது நன்று. தெரிந்தவர் ஒருவர் செய்கிறார் என்பது ஆலோசனையாகாது.

இதன் மறுபக்கமும் உண்டு. கேக் வியாபாரம் பெருகி, அக்காவின் மகன் சனிக்கிழமைகளில் உதவிக்கு வருகிறான். கையில் சிறு தொகை கொடுக்கப்படுகிறது. அவன் மாணவர் விசாவில் இருப்பின், கொடுப்பவர் இப்போது தொழில் வழங்குநர். வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்காமல், உரிமையற்றவரை வேலைக்கு அமர்த்தியதற்கான குடியியல் தண்டப்பணம் 2024 பெப்ரவரி முதல், முதற் தடவையிலேயே ஆளொருவருக்கு 45,000 பவுண் வரை உயர்ந்துள்ளது. உறவுமுறை இதில் விலக்கல்ல.

வரி

வரி ஆண்டொன்றில், அதாவது ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை, சொந்தத் தொழிலின் மொத்த வரவு 1,000 பவுணுக்கு மேற்படாவிடின் பொதுவாக அறிவிக்க வேண்டியதில்லை. இங்கே கணக்கிடப்படுவது வரவே தவிர இலாபமன்று. 1,400 பவுணுக்கு விற்று 1,200 பவுண் செலவழித்தவர், மிஞ்சியது 200 தானே என்று வாளாவிருக்க முடியாது. எல்லையைத் தாண்டியவர், அந்த வரி ஆண்டு முடிந்தபின் வரும் ஒக்டோபர் 5 இற்குள் வருவாய், சுங்கத் திணைக்களமாகிய எச்.எம்.ஆர்.சி.யில் சுயமதிப்பீட்டிற்குப் பதிவுசெய்து, அடுத்த ஜனவரி 31 இற்குள் இணையவழி விவரத்திரட்டை அனுப்பி வரியையும் செலுத்த வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் 100 பவுண் தண்டம்.

சம்பளம் பெறுவோர் அடிக்கடி தவறவிடும் விடயம் இது: 12,570 பவுண் வரிவிலக்கு ஒருவருக்கு ஒருமுறையே, அதனைச் சம்பளமே விழுங்கிவிடும். எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 28,000 பவுண் சம்பளம் பெறும் ஒருவர் 6,000 பவுணுக்குக் கேக் விற்று, மா, முட்டை, பெட்டி, மின்சாரம் என 2,200 பவுண் செலவழிக்கிறார் என்க. இலாபம் 3,800. அதன் முதற் பவுணிலிருந்தே 20 சதவீத வரி, அதாவது 760 பவுண். செலவுகளைக் காட்டுவதற்குப் பதிலாக 1,000 பவுண் கழிவைத் தெரிவுசெய்தால் வரி 1,000 பவுணாகும். ஆகவே அவருக்குப் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைப்பது 240 பவுண் பெறுமதியான பழக்கம். செலவே இல்லாத தனிப்பாட வகுப்பு ஆசிரியருக்கு மற்றைய வழி இலாபம். சம்பளமும் இலாபமும் சேர்ந்து 50,270 பவுணைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 40 சதவீதம். தேசியக் காப்புறுதி இவ்வாறு கூட்டப்படுவதில்லை. தொழிலின் இலாபம் மட்டும் 12,570 பவுணுக்கு மேற்பட்டாலே அதன்மீது செலுத்த நேரும்.

செலுத்தவேண்டிய தொகை 3,000 பவுணுக்குக் குறைவாக இருந்து, விவரத்திரட்டை டிசம்பர் 30 இற்குள் இணையவழி அனுப்பினால், பொதுவாக அவ்வரியை அடுத்த ஆண்டுச் சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாகக் கழிக்கச் செய்யலாம். ஜனவரியில் மொத்தமாகக் கட்ட இயலாதோருக்கு இது பேருதவி. அதேவேளை, வரிக் குறியீட்டு எண் மாறுவது சம்பளப் பிரிவினருக்குத் தெரியும் என்பதை நினைவிற் கொள்க. அனுமதி பெறாதவரின் இரகசியம் வெளிப்படும் வழிகளில் இதுவும் ஒன்று.

காசாகப் பெற்றாலும் வரவு வரவே. ஈபே, எட்சி போன்ற இணையத் தளங்கள், குறித்த அளவிற்கு மேல் விற்பவர்களின் விவரங்களை எச்.எம்.ஆர்.சி.க்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளன. யூனிவர்சல் கிரெடிட் பெறுவோர் தொழில் வருமானத்தை மாதந்தோறும் அறிவிக்க வேண்டும். ஆண்டு முடிவு வரை காத்திருத்தல் ஆகாது.

வீடும் சமையலறையும்

கவுன்சில் வீட்டிலோ வீட்டுவசதிச் சங்க வீட்டிலோ வாடகைக்கு இருப்போர், வீட்டில் தொழில் நடத்துமுன் ஒப்பந்தத்தைப் பார்த்து, எழுத்தில் அனுமதி பெற வேண்டும். தனியார் வாடகை, அடமானக் கடன், வீட்டுக் காப்புறுதி ஆகியவற்றிலும் இத்தகைய நிபந்தனை இருக்கக்கூடும். விநியோகத்திற்குச் சொந்தக் காரைப் பயன்படுத்துபவர் கார்க் காப்புறுதி அதற்குப் பொருந்துமா எனக் கேட்க வேண்டும்.

உணவு விற்போர் விற்பனை தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன் கவுன்சிலில் பதிவுசெய்ய வேண்டும். பதிவு இலவசம், மறுக்கவும்படாது. பதிவின்றி விற்பது குற்றம். பதிவின்பின் சுகாதார அலுவலர் சமையலறையைப் பார்வையிட்டு 0 முதல் 5 வரை தரமிடுவார். வீட்டுக்குள் அதிகாரி வருவதை எண்ணி அஞ்சிப் பதிவைத் தள்ளிப்போடுவோர் உளர். அவர் பார்ப்பது அடுப்பங்கரையின் அழகையன்று. கைகழுவும் வசதி, குளிரூட்டியின் வெப்பநிலை, பச்சை இறைச்சியும் சமைத்த உணவும் பிரித்து வைக்கப்பட்டுள்ளனவா, உணவு தயாரிக்கும் முறை எழுதி வைக்கப்பட்டுள்ளதா என்பன போன்றவற்றையே.

தமிழ்ச் சமையலில் ஒவ்வாமைப் பொருட்கள் மறைந்திருப்பதை எல்லோரும் உணர்வதில்லை. சட்டம் பட்டியலிடும் 14 பொருட்களில் எள்ளும் கடுகும் உள்ளன. ஆகவே நல்லெண்ணெயும் தாளிதமும் கணக்கில் வரும். நெய் பாலைச் சார்ந்தது. முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் தனித்தனி இடம். கடையில் வாங்கும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருப்பதால், அரிசிமா முறுக்கும் கோதுமை அற்றதெனச் சொல்ல முடியாது போகலாம். முன்கூட்டியே பொதி செய்து சந்தையிலோ கோயில் வாசலிலோ நேரடியாக விற்கும் உணவில், 2021 ஒக்டோபர் முதல், உணவின் பெயரும் உள்ளடங்கிய பொருட்களின் முழுப் பட்டியலும், ஒவ்வாமைப் பொருட்கள் ஏனையவற்றிலிருந்து வேறுபட்டுத் தெளிவாகத் தெரியுமாறு, ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியிலோ வாட்சப்பிலோ கட்டளை பெற்று அனுப்புவோர், வாங்குமுன் ஒருமுறையும் பொருளை ஒப்படைக்கும்போது ஒருமுறையும் ஒவ்வாமைத் தகவலைத் தெரிவிக்க வேண்டும்.

உணவுத் தொழிலுக்கான பதிவைக் கவுன்சிலின் இணையத்தளத்தில் செய்யலாம். வேலை ஒப்பந்தம் பற்றிய ஐயங்களுக்கு ஏகாஸ் நிறுவனத்தின் இலவச ஆலோசனையை 0300 123 1100 என்ற எண்ணிற் பெறலாம். அழைக்கும்போது ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். அங்கு முதலில் கேட்கப்படும் கேள்வி, அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதாகவே இருக்கும்.