தீபாவளிக்கு பெயின்ட் அடிக்கப் போறீங்களா? முதல்ல மொட்டை மாடிக்கு போங்க... மழைக்கு முன் வீட்டில் பார்க்க வேண்டியவை என்னென்ன?

தீபாவளி நெருங்கினால் பல வீடுகளில் முதலில் வரும் பேச்சு, "இந்த வருஷம் ஹாலுக்கு என்ன கலர்?" என்பதுதான். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்பே பெயின்டரைக் கூப்பிட்டு விடுகிறார்கள். ஆனால், புது பெயின்ட் வாசனை போவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். கார்த்திகையில் சுவர் ஊறும். மார்கழியில் பெயின்ட் உரிந்து தொங்கும்.

பெயின்ட் செலவு வீணானது மட்டும் பிரச்சனை இல்லை. அந்த பெயின்ட்டுக்குப் பின்னால், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கும். தூங்கிக் கொண்டிருந்தவர்கள் மீது மேற்கூரை பூச்சு பெயர்ந்து விழுந்தது என்று மழைக்காலத்தில் வரும் செய்திகள் பலவற்றின் தொடக்கம் இதுதான்.

மழைக்கு முன் வீட்டில் எதை முதலில் பார்க்க வேண்டும்? எதை நீங்களே செய்யலாம்? எதற்கு ஆள் கூப்பிட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

எப்போது செய்ய வேண்டும்?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதங்களில்தான் கொட்டுகிறது. எனவே ஆவணியும் புரட்டாசியும்தான் வீட்டு வேலைக்கான கடைசி வாய்ப்பு.

மாடியில் அடிக்கும் வாட்டர் ப்ரூஃபிங் கலவைகளில் பெரும்பாலானவை நன்கு காய்ந்த தளத்தில்தான் ஒட்டும். அடித்த பிறகும் சில நாட்கள் மழை படக்கூடாது. செப்டம்பரிலும் மாலையில் இடியுடன் மழை பெய்யும் என்பதால், வெயில் அடிக்கும் நாட்களைப் பார்த்து வேலையைத் திட்டமிட வேண்டும். "மழை ஆரம்பிக்கட்டும், ஒழுகுற இடம் தெரிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டால், ஜனவரி வரை எதுவும் செய்ய முடியாது.

மாடியில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது?

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். அந்தக் கணக்கில், 1000 சதுர அடி மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர். எடையில் சொன்னால் 9 டன்னுக்கு மேல்!

சென்னைப் பக்கம் பருவமழை தீவிரமாக இருக்கும் நாட்களில் 10 சென்டிமீட்டர் என்பது அபூர்வம் இல்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்தத் தண்ணீர் உடனுக்குடன் பைப் வழியாக இறங்கிவிட்டால் கவலை இல்லை. ஆனால், வேப்பிலை, பிளாஸ்டிக் கவர், உடைந்த பூந்தொட்டி மண் ஆகியவை சேர்ந்து வடிகால் வாயை அடைத்துவிட்டால் மாடியே தொட்டியாகிவிடும். தேங்கிய தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் தேடிப் பிடித்து உள்ளே இறங்கும். ஒழுகும் வீடுகள் பலவற்றில் பிரச்சனை சிமென்ட்டில் இல்லை. தண்ணீருக்கு வழி இல்லாததுதான் பிரச்சனை.

கம்பி துருப்பிடித்தால் என்ன ஆகும்?

நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எளிதில் துருப்பிடிக்காது. சிமென்ட்டின் காரத்தன்மை அதற்குக் கவசம். ஈரமும் காற்றும் தொடர்ந்து உள்ளே போகும்போது அந்தக் கவசம் போய்விடுகிறது. கடற்கரை ஓர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்வதால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

துரு, இரும்பைவிட பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். வீங்கும் கம்பி, தனக்குக் கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும். முதலில் கம்பி போகும் பாதையிலேயே நேர்க்கோட்டில் விரிசல் வரும். பிறகு பழுப்பு நிறக் கறை. அதன்பிறகு ஒருநாள் பூச்சோடு கான்கிரீட்டும் பெயர்ந்து விழும்.

இந்த நிலையில் கீழே இருந்து சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்து மறைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. உள்ளே துரு நிற்காது. ஓரிரு வருடத்தில் புதுப் பூச்சும் சேர்ந்து விழும்.

நீங்களே செய்து பார்க்கும் 4 சோதனைகள்

1. பக்கெட் சோதனை: மாடியின் வெவ்வேறு மூலைகளில் நான்கைந்து பக்கெட் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடுகிறதா, எங்காவது குளம் கட்டுகிறதா என்று பாருங்கள். தேங்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். கொத்தனாருக்குக் காட்ட வேண்டிய இடம் அதுதான்.

2. தட்டிப் பார்க்கும் சோதனை: கட்டைக் கம்பால் மேற்கூரையைக் கீழிருந்து லேசாகத் தட்டுங்கள். 'டக் டக்' என்று கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. 'தொப் தொப்' என்று உள்ளீடற்ற சத்தம் வந்தால் பூச்சு பிடிப்பை விட்டுவிட்டது என்று அர்த்தம். நேர் கீழே நிற்காமல் தள்ளி நின்று தட்டுங்கள். மாடியில் தட்டோடு பதித்திருந்தால் அதையும் இப்படியே தட்டிப் பார்க்கலாம்.

3. பாலிதீன் சோதனை: ஓதம் இருப்பதாகச் சந்தேகப்படும் சுவரில் ஒன்றரை அடி பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒருநாள் விட்டுவிடுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால், ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அங்கே இப்போது பெயின்ட் அடிப்பது வேஸ்ட்.

4. டேங்க் சோதனை: இரவில் எல்லா குழாய்களையும் மூடி, டேங்கில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் குறைந்திருந்தால், எங்கோ பைப்பில் கசிவு இருக்கிறது. கோடையிலும் காயாத ஓதத்துக்குக் காரணம் மழையாக இருக்காது. பெரும்பாலும் பாத்ரூம் பைப்தான். அதற்கு மாடியில் எத்தனை கோட் அடித்தாலும் பிரயோஜனம் இல்லை.

எந்த விரிசலுக்குப் பயப்பட வேண்டும்?

தலைமுடி போல மெல்லியதாக, பூச்சில் மட்டும் வலைப்பின்னலாக இருக்கும் விரிசல்கள் பெரும்பாலும் ஆபத்தானவை அல்ல. ஆனால் கீழ்க்கண்டவை இருந்தால் பெயின்டரை அல்ல, சிவில் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்:

- ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடும், வருடா வருடம் அகலமாகும் விரிசல்
- தூணிலும் பீமிலும் தெரியும் விரிசல்
- மேற்கூரையில் வெளியே தெரியும் கம்பி அல்லது பழுப்புக் கறை
- பால்கனியும் சன்ஷேடும் சுவரோடு சேரும் இடத்தில் இருக்கும் விரிசல்

விரிசல் வளர்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, போனில் போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

வாட்டர் ப்ரூஃபிங் பெயின்ட் மட்டும் போதுமா?

போதாது. பெயின்ட் என்பது கடைசி வேலை. சரியான வரிசை இதுதான்:

- முதலில் வடிகால் வாய்களைச் சுத்தம் செய்து, இலை போகாதபடி ஜாலி மூடி போட வேண்டும். ஒரே ஒரு வடிகால் மட்டும் இருந்தால், இன்னொன்று வைப்பது பாதுகாப்பு.
- தண்ணீர் தேங்கும் இடங்களில் சரிவைச் சரிசெய்ய வேண்டும். 100-க்கு 1 என்ற அளவிலாவது, அதாவது 10 அடிக்கு ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், தளம் வடிகால் பக்கம் சரிந்திருக்க வேண்டும்.
- பாசியையும் பழைய பெயின்ட்டையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, கழுவி, காயவிட வேண்டும்.
- விரிசலைக் கொஞ்சம் அகலப்படுத்தி, வளைந்து கொடுக்கும் கிராக் ஃபில்லரால் அடைக்க வேண்டும். வெறும் சிமென்ட் பால் ஊற்றினால், பகல் வெயிலில் தளம் விரிந்து இரவில் சுருங்கும்போது மறுபடியும் விரிசல் விடும்.
- அதன் பிறகுதான் கோட்டிங். முதல் கோட் காய்ந்த பின், அதற்குக் குறுக்காக இரண்டாவது கோட்.

இதில் பலரும் விட்டுவிடும் இடம், மாடித் தளமும் கைப்பிடி சுவரும் சேரும் மூலை. பல வீடுகளில் தண்ணீர் உள்ளே இறங்குவது இந்த இணைப்பில்தான். இங்கே ஃபைபர் வலை வைத்து, சுவரில் ஒரு அடி உயரம் வரை கோட்டிங்கை ஏற்ற வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். பழைய தளத்தைப் பெயர்க்காமல், அதன் மேலேயே மறுபடி ஜல்லி கான்கிரீட், அதன் மேல் டைல்ஸ் என்று அடுக்கிக்கொண்டே போகாதீங்க. ஒவ்வொரு அடுக்கும் பழைய கூரைக்கு நிரந்தரச் சுமை.

கரண்ட் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்

"எங்க வீட்டுல எம்.சி.பி. இருக்கு, ஷாக் அடிக்காது" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எம்.சி.பி. என்பது அதிக லோடு, ஷார்ட் சர்க்யூட் ஆகியவற்றுக்கு மட்டும்தான். மனிதர் மீது மின்சாரம் பாயும்போது நொடிக்கும் குறைவான நேரத்தில் சப்ளையைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை பொருத்த வேண்டும். ஏற்கெனவே இருந்தால், அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பாருங்கள். உடனே ட்ரிப் ஆகவில்லை என்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

மோட்டார் ஸ்விட்ச், காலிங் பெல், வாசல் லைட், மாடி லைட் ஆகிய நான்கும் மழையில் நனையும் இடங்கள். இவற்றின் வயர் ஜாயின்ட்டை எலக்ட்ரீசியனிடம் காட்டிச் சரிபார்ப்பது நல்லது. துணி காயப்போடும் கம்பியை மின்கம்பத்திலோ, அதன் ஸ்டே கம்பியிலோ கட்டவே கூடாது. அறுந்த வயர், சாய்ந்த கம்பம் பற்றி மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் புகார் அளிக்கலாம்.

சம்ப், டேங்க், மழைநீர் சேகரிப்பு

தெருத் தண்ணீர் உள்ளே வரும் பகுதியில் இருப்பவர்கள், சம்ப்பின் வாயைத் தரை மட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டுவது நல்லது. மூடியில் இடைவெளி இருந்தால், கழிவுநீர் கலந்த வெள்ளம் நேராகக் குடிநீரில் இறங்கிவிடும். டேங்க் மூடிக்கும் இதே கவனம் தேவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களில் பறக்கத் தொடங்கிவிடும். எனவே மாடியில் கிடக்கும் பழைய டயர், தேங்காய் ஓடு, உடைந்த பக்கெட்டை இப்போதே அப்புறப்படுத்துங்கள்.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டே எல்லா கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் தொட்டி இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் மணல், ஜல்லி அடுக்கில் வருடக்கணக்கில் சேறு படிந்திருக்கிறது. அதை அள்ளிக் கழுவிப் போட்டால்தான் தண்ணீர் நிலத்தில் இறங்கும். செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய லாரியை மட்டும் கூப்பிடுங்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு உயிரைப் பறிக்கும். ஆளை இறக்குவது சட்டப்படி குற்றமும்கூட.

செலவு யாருடையது?

அபார்ட்மென்ட்டில் மேல் தளத்தில் இருப்பவர் வீடு ஒழுகினால், "அது உங்க பிரச்சனை" என்று மற்றவர்கள் ஒதுங்குவது வழக்கமாக நடக்கிறது. பத்திரத்தில் மாடியின் உரிமை தனியாக ஒருவருக்கு எழுதப்படாதவரை, கூரை என்பது எல்லோருக்கும் பொதுவான பகுதி. அதைப் பராமரிக்கும் செலவும் பொதுச் செலவுதான். சங்கக் கூட்டத்தில் மழைக்கு முன்பே முடிவெடுத்து, மினிட்ஸில் எழுதி வையுங்கள்.

வாடகை வீடு என்றால்? தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லப்படாதவரை, கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வயரிங் ஆகியவை வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச் போன்ற சில்லறை வேலைகள் வாடகைதாரரின் பொறுப்பு. ஒழுகும் இடத்தைப் போட்டோ எடுத்து, தேதியோடு உரிமையாளருக்கு அனுப்பி வைப்பது இருவருக்கும் நல்லது.

மழை ஆரம்பித்த பிறகு ஒழுகினால்?

- மழை விட்ட நேரத்தில் வடிகால் வாயை மட்டும் சுத்தம் செய்யுங்கள். இடி, மின்னல் இருக்கும்போது மாடிக்குப் போக வேண்டாம்.
- ஃபேன் கொக்கி வழியாகவோ லைட் வழியாகவோ தண்ணீர் சொட்டினால், ஸ்விட்சைத் தொடாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் நின்று மெயினை ஆஃப் செய்யுங்கள். மெயின் போர்டே நனைந்திருந்தால் அதையும் தொடாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.
- பூச்சு உப்பிக்கொண்டு வந்தால், அதற்குக் கீழே இருக்கும் கட்டில், தொட்டிலை உடனே நகர்த்துங்கள். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.
- ஈரச் சுவரில் பெயின்ட் அடிக்காதீர்கள். காய்வதற்குப் பல வாரங்கள் ஆகலாம்.

கையில் பணம் குறைவு... எதை முதலில் செய்வது?

வடிகால் சுத்தம், மாடியில் கிடக்கும் குப்பையை அகற்றுவது ஆகியவற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அடுத்தது ஆர்.சி.சி.பி. அதற்கடுத்து விரிசலும் கைப்பிடி சுவர் மூலையும். பிறகு முழு மாடிக்கும் கோட்டிங். ஹாலுக்கு என்ன கலர் என்பது கடைசிக் கேள்வி.

சுவர் காய்ந்து கிடக்கும் தை மாதத்தில் பெயின்ட் அடித்தால், அது நீண்ட நாள் நிற்கும். இந்தத் தீபாவளிக்குச் சுவர் கொஞ்சம் பழசாகத் தெரிந்தால் பரவாயில்லை. அந்தப் பணத்தை மாடிக்குச் செலவழித்தால், கார்த்திகை மழையில் வீட்டில் இருப்பவர்கள் பயமில்லாமல் தூங்கலாம்.