கிழங்கு மண்டியிலிருந்து ஒரு கியூபிசப் படம்

மேட்டுப்பாளையத்துக்குக் கேமராவும் கையுமாக வருகிறவர்கள் நேரே ரயில் நிலையத்துக்குத்தான் போகிறார்கள். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கி, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மலை ரயில் புறப்படுகிற ஊர் இது, போகத்தான் செய்வார்கள். ஆனால் நிலைப்பொருள் படம் எடுக்க ஆசைப்படுகிறவர், அதாவது மேசைமேல் நாலு சாமான்களை வைத்து வெளிச்சம் பார்த்து நிதானமாக எடுக்க நினைக்கிறவர், முதலில் போகவேண்டிய இடம் மண்டி. நீலகிரியிலிருந்து இறங்குகிற உருளைக்கிழங்கு, பூண்டு, சுற்றுவட்டாரத் தோப்புகளின் பாக்கு, வாழைத்தார், காரமடைப் பக்கத்துக் கறிவேப்பிலை என்று மேசைக்கு வேண்டியதெல்லாம் இந்த ஊரில் கிடைக்கிறது. கியூபிச ஓவியர்களிடம் பாடம் கேட்டு இந்தச் சாமான்களைப் படமெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

1907-க்கும் 1914-க்கும் இடையில் பாப்லோ பிக்காசோவும் ஜார்ஜ் பிராக்கும் பாரிஸில் உருவாக்கிய ஓவிய முறைதான் கியூபிசம். 1906-இல் இறந்துபோன செசானின் ஓவியங்கள்தான் இருவருக்கும் வழி காட்டின. ஆப்பிள் வைத்த மேசையை வரையும்போது செசான் தட்டை ஒரு கோணத்திலும் மேசை விளிம்பை இன்னொரு கோணத்திலும் பார்த்து வரைவார். இவர்கள் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போனார்கள். ஒரே இடத்தில் நின்று, ஒற்றைக் கண்ணால் பார்த்ததுபோல வரைவது ஐரோப்பாவில் பல நூற்றாண்டுப் பழக்கம். அதை விட்டுவிட்டு, பொருளைச் சுற்றிவந்து பார்த்ததையெல்லாம் ஒரே துணியில் சேர்த்தார்கள்.

ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து மேசைமேல் வைத்தால் இது சட்டென்று விளங்கும். கண்மட்டத்தில் குனிந்து பார்த்தால் அதன் வாய் ஒரு கோடு. கொஞ்சம் நிமிர்ந்தால் நீள்வட்டம். எழுந்து நின்று நேர் மேலிருந்து எட்டிப் பார்த்தால் முழு வட்டம். உள்ளே அடிப்பாகம், பாதி நிழலில். வாய் வட்டமாகத் தெரியும்போது கழுத்து தெரியாது. கழுத்து தெரியும்போது வாய் வட்டமாக இராது. ஆனால் சொம்பு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், வட்ட வாய், ஒடுங்கிய கழுத்து, உருண்ட வயிறு என்று எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறோம். கியூபிச ஓவியர் அதைத்தான் வரைகிறார். நமக்கு இது புதிதும் இல்லை. பழைய கோயில் தலப்படங்களில் கோபுரம் எதிரே நின்று பார்த்தபடி நிமிர்ந்து நிற்கும். பக்கத்திலேயே தெப்பக்குளம் மேலிருந்து பார்த்தபடி சதுரமாக விரிந்து கிடக்கும். அதைப் பார்த்து யாரும் குழம்பியதில்லை.

கேமராவுக்கு இது சிரமமான வேலை. ஒரே கண், ஒரே இடம், ஒரே நொடி. அதன் அமைப்பே அப்படி. போனில் கிடைக்கிற கியூபிச ஃபில்டர்களை நம்பிப் பயனில்லை. ஏற்கெனவே எடுத்த ஒரு படத்தை அவை முக்கோணம் முக்கோணமாக வெட்டிக் கலைத்துப் போடுகின்றன. சொம்பின் பின்பக்கம் அதில் வரவே வராது, எடுத்தவர் பின்பக்கம் போகவில்லையே! கியூபிசத்தில் முதலில் நகர வேண்டியது பார்க்கிறவரின் கால்.

இந்தச் சிரமத்தை நமக்கு முன்பே சிலர் எதிர்கொண்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் பிக்காசோ, பிராக் ஓவியங்களைப் பார்த்துக் கிளர்ந்துபோன பால் ஸ்ட்ராண்ட், 1916-இல் கனெக்டிகட்டின் ட்வின் லேக்ஸில் சமையலறைக் கிண்ணங்களைப் படமெடுத்தார். எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. மிகவும் கிட்டே போய், சாய்த்து எடுத்தார். விளிம்பும் நிழலும் வளைகோடுகளாக மிஞ்சின. ஏறக்குறைய அதே சமயம் லண்டனில் ஆல்வின் லாங்டன் கோபர்ன் மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகச் சேர்த்து, அதன் வழியே எடுத்துப் பார்த்தார். அழகான வடிவங்கள் கிடைத்தன, ஆனால் பொருள் அடையாளமே தெரியாமல் போய்விடுகிறது. நிலைப்பொருளுக்கு அந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாமவர் டேவிட் ஹாக்னி. தொடங்குகிறவருக்கு இவர்தான் சரியான ஆசிரியர் என்பது என் எண்ணம். 1982-இல் போலராய்டு கேமராவை வைத்துக்கொண்டு, மேசைமேல் இருந்த நீலக் கித்தாரைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்கும் இடம் மாறி நின்று எடுத்து, அட்டையில் அடுக்கினார். பிக்காசோவுக்கு அது நேரடியான வணக்கம். 1986-இல் ஒரு பாலைவனச் சாலைச் சந்திப்பை அதே முறையில் 700-க்கும் மேற்பட்ட படங்களாக எடுத்து ஒட்டினார். வழிகாட்டிப் பலகையை ஏணி வைத்து ஏறி நேரெதிரே எடுத்திருக்கிறார்.

இந்தியாவில் கியூபிசத்தை முதலில் தனதாக்கிக்கொண்டவர் ககனேந்திரநாத் தாகூர். 1922-இல் கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா க்ராம்ரிஷ் 'ரூபம்' இதழில் அவரை இந்தியக் கியூபிஸ்ட் என்றே அறிமுகப்படுத்தினார். பாரிஸின் புகைக்குழாயையும் மதுக்குப்பியையும் அவர் கடன் வாங்கவில்லை. படிக்கட்டு, வாசல், உள்ளறைக்குள் ஒடிந்து விழுகிற வெளிச்சம் என்று தான் அறிந்ததை வரைந்தார். பிராக்குக்கும் பிக்காசோவுக்கும் குப்பியும் செய்தித்தாளும் தினமும் கைபட்ட பொருள்கள். உங்களுக்கு அப்படிக் கைபட்டவை எவை என்று பார்த்து எடுங்கள்.

மண்டிச் சாமான்களை நான் சொல்வதற்கு வலுவான காரணம் நிறம். 1910, 1911 வாக்கில் பிக்காசோவும் பிராக்கும் பளிச்சென்ற நிறங்களை அநேகமாகக் கைவிட்டு, காவி, பழுப்பு, சாம்பல், கறுப்பு என்று சுருங்கிக்கொண்டார்கள். நிறம் கண்ணை இழுத்தால் வடிவத்தை நிதானமாகப் படிக்க முடியாது என்பதால். மண் ஒட்டிய கிழங்கு, சணல் சாக்கு, பூண்டுத் தோல், காய்ந்த பாக்கு எல்லாம் அதே நிறக்கூட்டம்தான். நிறத்தைத் திருத்த கம்ப்யூட்டரில் உட்காரவே வேண்டாம். தக்காளியும் கேரட்டும் இந்த முறை கூடைக்குள்ளேயே இருக்கட்டும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பழுப்புக் கிழங்கைப் பழுப்புச் சாக்கின்மேல் வைத்தால் அதன் ஒரு பக்க ஓரம் சாக்கோடு கலந்து மறையும். செசானிடமிருந்து கியூபிஸ்ட்டுகள் கற்ற முக்கியமான உத்தி இது: ஓரத்தை முழுக்க மூடாமல் ஓரிடத்தில் திறந்துவிடுவது, பொருளும் பின்புலமும் அந்த வழியாக ஒன்றுக்குள் ஒன்று ஓடுவது. நிலைப்பொருள் படமெடுக்கிறவர்கள் வழக்கமாக இதைக் குறை என்று நினைத்துப் பின்புலத்தை மாற்றுவார்கள். இங்கே மாற்றக் கூடாது.

பாக்கை வெட்டியும் வையுங்கள். மட்டையோடு ஒன்று, உரித்தது ஒன்று, பாக்குவெட்டியால் இரண்டாக நறுக்கியது ஒன்று. வெளியே நார், உள்ளே வழவழப்பான உருண்டை, நறுக்கிய முகத்தில் வெள்ளையும் பழுப்பும் பின்னிய வரிகள். ஒரே பொருளின் உள்ளும் புறமும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகின்றன. ஸ்ட்ராண்டைப் போல வெட்டி ஒட்டாமல் ஒற்றைப் படம் எடுக்க விரும்புகிறவருக்கு இது ஒன்றே போதும்.

ஒட்டுப்படம் செய்யப்போகிறவர் மேசையைச் சுவரோரத்திலிருந்து இழுத்து அறை நடுவில் போட வேண்டும்; சுற்றிவர இடம் வேண்டுமல்லவா. போனில் எடுத்தால் 2 மடங்கு ஜூமில் வைத்துக்கொள்ளுங்கள். அகலக் கோணத்தில் கிட்டே போனால் முன்பக்கம் உப்பிவிடும், அந்தக் கோணல் லென்ஸ் செய்தது. எல்லாத் துண்டுக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நில்லுங்கள். சொம்பின் வாயை மேலிருந்து, கழுத்தைக் கண்மட்டத்தில், வயிற்றை இரண்டு பக்கமிருந்தும், கிழங்கின் முளைக்கண்ணை மிகக் கிட்டே போய் என்று துண்டுகளாக எடுங்கள். முழுச் சொம்பும் ஒரு படத்தில் விழுந்துவிட்டால் பிறகு வெட்ட மனம் வராது.

கியூபிச ஓவியத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி வெளிச்சம் இருக்கும், எல்லாவற்றின் நிழலும் ஒரே பக்கம் சாயாது. அறையில் ஒரு ஜன்னல்தானே இருக்கிறது என்றால், வெள்ளை தெர்மாகோல் அட்டை ஒன்றைத் துண்டுக்குத் துண்டு இடம் மாற்றிப் பிடிக்கலாம். இடப்பக்கத் துண்டுக்கு வெளிச்சம் வலமிருந்து, வலப்பக்கத் துண்டுக்கு இடமிருந்து. ஒயிட் பேலன்ஸை மட்டும் மாறாமல் பூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு துண்டு மஞ்சளாகவும் அடுத்தது நீலமாகவும் வந்து, நாம் சேர்த்த நிறக்கூட்டம் கலைந்துவிடும்.

அடுத்தது செய்தித்தாளும் மேசைவிரிப்பும். 1912-இல் பிக்காசோ பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த ஆயில்கிளாத்தை ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதில் கயிற்றைச் சுற்றினார். அதே ஆண்டு பிராக், மரவரி அச்சடித்த சுவர்க் காகிதத்தை வெட்டி ஒட்டினார். வீட்டுக்கு வண்ணமடிக்கும் தொழிலில் பழகிய கை அவருடையது, மரம்போலத் தெரிய வைக்கிற வித்தை அவருக்கு அத்துபடி. நம் வீடுகளில் பழங்கள் அச்சடித்த பிளாஸ்டிக் விரிப்பு இருக்கிறது, மரவரி போட்ட சன்மைக்கா இருக்கிறது. அச்சடித்த வாழைப்பழத்தின் பக்கத்தில் தாரிலிருந்து பிய்த்த நிஜப் பழத்தை வைத்து எடுத்தால், படத்தில் எது படம், எது பழம் என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்விதான் அவர்கள் இருவரையும் ஆட்டிவைத்தது. செய்தித்தாளில் முழுத் தலைப்பு வேண்டாம், பாதியில் முறிந்த இரண்டு மூன்று எழுத்துகள் போதும்.

எல்லாமே உடைந்து கிடந்தால் பார்க்கிறவர் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. பிராக் அதை அறிந்திருந்தார். 1909-இல் அவர் வரைந்த 'வயலினும் பேலட்டும்' ஓவியத்தில் வயலின் சிதறிக் கிடக்க, மேலே பேலட் தொங்குகிற ஆணி மட்டும் நிழலோடு அச்சாக நிஜ ஆணி போலிருக்கும். உங்கள் மேசையிலும் ஒரு சின்னப் பொருளை உடைக்காமல் ஒரே படமாக, கூர்மையாக எடுத்து நடுவுக்குச் சற்று விலகி வையுங்கள். ஒரு பூண்டுப் பல் போதும்.

பிரிண்டை ஸ்டுடியோவில் 4×6 அளவில், மேட் தாளில் போடச் சொல்லுங்கள். பளபளப்புத் தாள் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். சாம்பல் நிற அட்டையில் முதலில் பசை இல்லாமல் பரப்பி, வாயின் வட்டம் கழுத்தை ஓரிடத்திலாவது தொடுமாறு நகர்த்திப் பாருங்கள். மற்ற இடங்களில் அரை அங்குலம் பிசகினால் பிசகட்டும். ஒட்டிய பிறகு வாசலில் வெயில் படாத நிழலில் வைத்து நேர் மேலிருந்து மறுபடி ஒரு படம் எடுங்கள். துண்டுகளின் ஓரத்தில் மெல்லிய நிழல் விழுந்திருக்கும், அதை அழிக்காதீர்கள்.