பிங்க் ஃப்ளாய்டுக்குப் பெயர் வைத்தவர்



ஒரு முக்கோணக் கண்ணாடி. ஒரு பக்கம் வெள்ளைக் கோடு உள்ளே போகிறது, மறுபக்கம் வானவில்லாக வெளியே வருகிறது. இயற்பியல் சார் ஞாபகம் வருகிறதா? வர வேண்டியதுதான், அது முப்பட்டகப் பாடம். ஆனால் அதே படம் கருப்பு டீ-ஷர்ட்டில் இருந்தால், அது ‘பிங்க் ஃப்ளாய்டு’ என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் ஆல்பம் அட்டை. ஆல்பத்தின் பெயர் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’. 1973-ல் வந்து உலகம் முழுக்க விற்றுத் தள்ளியது.

அந்த ஆல்பத்தில் பாடாத, வாசிக்காத ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் சிட் பாரெட். பிங்க் ஃப்ளாய்டு ரசிகர்கள் ரெண்டு பேர் சேர்ந்தால் ஐந்து நிமிஷத்தில் பேச்சு இவரிடம் வந்துவிடும், பத்தாவது நிமிஷத்தில் சண்டை வந்துவிடும். எங்க வீட்டில் அண்ணனும் நானும் அப்படித்தான். “யாருடா அந்தச் சிட்டு?” என்று அம்மாவே கேட்கிற அளவுக்குப் போயிருக்கிறது!

சிட்டின் நிஜப் பெயர் ரோஜர் கீத் பாரெட். 1946 ஜனவரி 6-ல் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தவர். அப்பா மருத்துவர். சிட்டுக்கு 16 வயது ஆவதற்குச் சில வாரங்கள் முன்பு அப்பா இறந்துவிட்டார். பிறகு ஓவியம் படிக்க லண்டன் போனார். அங்கே கட்டடக் கலை படிக்க வந்திருந்த ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்டு ரைட் மூவரோடும் சேர்ந்து பாட ஆரம்பித்தார். ஒருநாள் கச்சேரிக்குப் போனால் இவர்கள் வைத்திருந்த அதே பெயரில் இன்னொரு குழுவும் வந்து நிற்கிறது. சிட் அங்கேயே யோசித்து ஒரு பெயரைச் சொன்னார். அமெரிக்காவில் பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்டு கவுன்சில் என்று ரெண்டு கருப்பின ப்ளூஸ் பாடகர்கள். ரெண்டு பேரின் முதல் பெயரையும் ஒட்டினால் பிங்க் ஃப்ளாய்டு. ‘பிங்க் என்றால் ரோஸ் கலர்தானே’ என்று நினைத்தவர்கள் கவனிக்கவும், அது ஒரு மனிதரின் பெயர்!

இவர்கள் வாசித்ததை சைக்கடெலிக் ராக் என்பார்கள். நேரத்துக்குள் முடியாத பாட்டு, எதிரொலி, விண்வெளியில் மிதக்கிற மாதிரி ஆர்கன். மேடையில் விளக்குக்கு முன்னால் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வண்ணத் திரவத்தை விடுவார்கள். சூட்டில் அது நெளிந்து கொதித்து, வாசிப்பவர்கள் மேல் நிறம் நிறமாக ஓடும். சிட்டின் கிடார் முழுக்க வட்ட வட்டமாகக் கண்ணாடிகள் ஒட்டியிருக்கும். ஒளி அதில் பட்டுக் கூட்டத்தின் மேல் தெறிக்கும்.

கிடாரில் வழக்கமாக விரலால் கம்பியை அழுத்தி ஸ்வரம் எடுப்பார்கள். சிட் ஒரு சிகரெட் லைட்டரைக் கம்பியின் மேல் இழுத்துக்கொண்டே போவார். நம் வீணையில் கமகம் வழுக்குமே, அந்த மாதிரி வழுக்கும், ஆனால் இலக்கணம் எதுவும் கிடையாது. அந்த ஒலி ‘பின்சன் எக்கோரெக்’ என்ற பெட்டிக்குள் போகும். உள்ளே ஒரு காந்த உருளை சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு முனை ஒலியைப் பதியும், அடுத்தடுத்து இருக்கும் முனைகள் அதையே கொஞ்சம் கொஞ்சம் தாமதமாகப் படித்துத் திருப்பித் தரும். ஒரு தட்டு தட்டினால் நாலு தட்டாகக் கேட்கும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இவ்வளவுதான் ரகசியம்.

இனி முதல் ஆல்பம். ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’, 1967 ஆகஸ்டில் வந்தது. ‘விடியலின் வாசலில் குழலூதுபவன்’ என்று சொல்லலாம். கென்னத் கிரகாம் 1908-ல் எழுதிய ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ என்ற சிறுவர் நாவலின் ஏழாவது அத்தியாயத் தலைப்பு அது. பீட்டில்ஸ் குழு ‘சார்ஜண்ட் பெப்பர்’ ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்த அதே கட்டடத்தில், இன்னொரு ஸ்டூடியோவில் இவர்களின் பதிவும் நடந்தது. மொத்தம் 11 பாட்டு. அதில் 8 சிட் தனியாக எழுதியது.

‘லூசிஃபர் சாம்’ ஒரு பூனையைப் பற்றியது. ‘தி ஸ்கேர்குரோ’ வயலில் நிற்கும் சோளக்கொல்லை பொம்மையைப் பற்றியது. பின்னணியில் குதிரை நடக்கிற மாதிரி டக்டக் என்று ஒரு தாளம். ‘சாப்டர் 24’ ஐ சிங் என்ற பழைய சீன நூலிலிருந்து பிறந்தது. ‘பைக்’ பாட்டில் ஒருவன் ஒரு பெண்ணிடம் தன் சைக்கிளைக் காட்டிப் பெருமை பேசுகிறான், ஆனால் அது இரவல் சைக்கிள்! நம்ம ஊர் ஆள் மாதிரியே இல்லை? கையால் தாளம் போட்டுக்கொண்டு இந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள், ரெண்டாவது வரியிலேயே கை தவறும். சொல்ல வேண்டிய வார்த்தை முடிகிற வரை அவர் வரியை நீட்டுவார், தாளம் அவர் பின்னால் ஓடி வரும்.

எங்க சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும். “அந்த ஆளுக்கு மூளை கலங்கினதாலதான்டா இப்படியெல்லாம் எழுத வந்துச்சு” என்பான் அண்ணன். உலகம் முழுக்கப் பல ரசிகர்கள் சொல்வதும் இதுதான். மேதைக்குக் கொஞ்சம் பைத்தியம் இருக்கும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேதிகளைப் பார்த்தால் சரியாக வரவில்லை.

முதல் ஆல்பத்தின் பதிவு 1967 பிப்ரவரியில் தொடங்கிச் சில மாதங்களில் முடிந்தது. அந்த மாதங்களில் சிட் எவ்வளவு கவனமாக வேலை செய்தார் என்பதற்கு ஒரு உதாரணம். ‘மட்டில்டா மதர்’, அம்மா கதை படித்துக்காட்டுவதைக் கேட்கும் குழந்தையின் பாட்டு. முதலில் ஹிலேர் பெல்லாக் என்பவரின் சிறுவர் பாட்டு வரிகளை வைத்துத்தான் அமைத்தார். உரிமை வைத்திருந்தவர்கள் அனுமதி தரவில்லை. மெட்டு தயார், வார்த்தை இல்லை! அதே மெட்டுக்குச் சொந்தமாக ஒரு ராஜா கதையை எழுதிப் பொருத்தினார். தலைப்பில் மட்டும் பெல்லாக்கின் மட்டில்டா தங்கிவிட்டாள். மூளை கலங்கியவர் செய்கிற வேலையா இது?

கலக்கம் பிறகுதான் முற்றியது. எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை அவர் மிக அதிகமாக எடுத்துக்கொண்டார் என்று கூட இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். எல்லாமே அதனால்தான் என்பார் ஒருவர், உள்ளே ஏற்கெனவே ஒரு நோய் இருந்தது என்பார் இன்னொருவர், திடீர்ப் புகழின் அழுத்தம் என்பார் வேறொருவர். சிட்டின் சின்ன வயது நண்பரும், பின்னால் அவர் இடத்துக்கே வந்தவருமான டேவிட் கில்மோர், எப்படியும் வந்திருக்கும், போதை அதைத் துரிதப்படுத்தியது என்ற கருத்துடையவர். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. நவம்பரில் அமெரிக்கா போனபோது சிட் மேடையில் வாசிக்காமல் வெறித்துக்கொண்டு நிற்பார், இல்லாவிட்டால் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டே இருப்பார். பாட்டு எழுதுவதும் குறைந்துபோனது. நோய் கொடுக்கவில்லை நண்பர்களே, எடுத்துக்கொண்டது.

1968 ஜனவரியில் கில்மோரையும் சேர்த்து ஐந்து பேராகச் சில கச்சேரிகள் செய்தார்கள். 26-ஆம் தேதி சவுத்தாம்ப்டனில் கச்சேரி. வண்டி கிளம்பியது. ‘சிட்டை ஏற்றிக்கொள்ளணுமா?’ என்று ஒருவர் கேட்க, ‘வேண்டாம்’ என்று முடிவாகிவிட்டது. அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, ஒரு கடிதம் இல்லை. துரோகம் என்கிறார்கள் பாதி ரசிகர்கள். நானும் கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த வண்டிக்காரர்களில் யாருக்கும் 25 வயதுகூட ஆகவில்லை. மனநோயை எப்படிக் கையாள்வது என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அதே கில்மோரும் வாட்டர்ஸும்தான் அப்புறம் சிட்டின் தனி ஆல்பத்துக்கு ஸ்டூடியோவில் உட்கார்ந்து உதவினார்கள்.

அதே ஆண்டு ஜூனில் வந்த ரெண்டாவது ஆல்பம் ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’. சிட் எழுதியது ஒன்றே ஒன்றுதான், கடைசிப் பாட்டு ‘ஜக்பேண்ட் ப்ளூஸ்’. ரொம்ப மரியாதையாக நன்றி சொல்லி ஆரம்பிக்கும், கேட்கக் கேட்க வயிற்றைப் பிசையும். நடுவில் சால்வேஷன் ஆர்மி பேண்டு வாத்தியம் புகுந்து கன்னாபின்னாவென்று ஊதும். அவங்க இஷ்டத்துக்கு ஊதட்டும் என்றது சிட்தான்.

தனி ஆல்பம் ‘தி மேட்காப் லாஃப்ஸ்’ 1970 ஜனவரியில் வந்தது. பொதுவாக டிரம்ஸைப் பதிவு செய்துவிட்டு அதன் மேல் பாடுவார்கள். இதில் பல பாட்டுகளுக்குத் தலைகீழ். சிட் தன் போக்கில் பாடிவிட்டுப் போவார், அந்த இழுப்புக்கும் நிறுத்தத்துக்கும் ஏற்ப மற்றவர்கள் பிறகு வாசித்துச் சேர்க்க வேண்டும். ஒரு பாட்டில் அவர் குரல் உடைந்து, நின்று, மறுபடி தொடங்குவதைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். உண்மை தெரியட்டும் என்று விட்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நம்மில் ஒருவர் மேடையில் திணறினால் அதை ரெக்கார்டு செய்து விற்பார்களா? அந்த ஆண்டே ‘பாரெட்’ என்று இன்னொரு ஆல்பம். அதோடு புதுப் பாட்டுகள் நின்றன.

1975 ஜூன் 5. பழைய நண்பனை நினைத்து எழுதிய ‘ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்’ என்ற நீண்ட பாட்டை அதே ஏபி ரோடு ஸ்டூடியோவில் நால்வரும் கோர்த்துக்கொண்டிருந்தார்கள். தலையையும் புருவத்தையும் மழித்த ஒரு பருத்த ஆள் உள்ளே வந்து நின்றார். யாரோ ஊழியர் என்று நினைத்தார்கள். யாரென்று தெரிந்தபோது வாட்டர்ஸ் அழுதுவிட்டார்.

பிறகு சிட் கேம்பிரிட்ஜுக்கே போய்விட்டார். சிட் என்ற பெயரை விட்டுவிட்டு ரோஜராக வாழ்ந்தார். படம் வரைவார், அதை போட்டோ எடுத்துவிட்டு எரித்துவிடுவார். தோட்டவேலை செய்வார், சைக்கிளில் கடைக்குப் போவார். 2001-ல் வந்த ‘எக்கோஸ்’ தொகுப்பில் அவருடைய 5 பாட்டுகள் உண்டு. அவருக்குரிய பங்குத்தொகை ஒழுங்காகப் போய்ச் சேர்வதை கில்மோர் கவனித்துக்கொண்டார். ஆனால் நம்ம ரசிகர்கள் சும்மா இருந்தார்களா? வீட்டு வாசலில் போய்க் கதவைத் தட்டினார்கள், கடைக்குப் போகும்போது ஒளிந்து போட்டோ எடுத்தார்கள். அன்பு என்று சொல்லிக்கொண்டுதான் இதையெல்லாம் செய்தார்கள்!

2006 ஜூலை 7-ல், 60 வயதில், கணையப் புற்றுநோயால் இறந்தார். அந்த நவம்பரில் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது சைக்கிள்களும் அதில் இருந்தன. கிடைத்த பணம் ஓவியம் படிக்கும் மாணவர்களின் உதவித்தொகைக்குப் போனது.

கேட்க ஆசைப்படும் நண்பர்களுக்கு: முதலில் ‘சீ எமிலி ப்ளே’ கேளுங்கள், மூணு நிமிஷம்தான். அடுத்து ‘பைக்’. ‘இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்’ பத்து நிமிஷம் வரும், அதை ஹெட்போனில் கேளுங்கள். கடைசியில் ஒலி இடது காதுக்கும் வலது காதுக்குமாக ஊஞ்சலாடும். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம்!