கூரையில் கிடக்கும் செம்பு

மெல்பர்ன் புறநகரான ஹைகெட்டில் இருந்த, ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஆய்வுக்கூடத்தில், 1950-களில் பொறியாளர் ரோஜர் மோர்ஸ் வெயிலில் வெந்நீர் போடும் வழியைச் செப்பனிட்டார். செம்புத் தகட்டில் செம்புக் குழாயைப் பற்றவைத்து, கறுப்புச் சாயம் பூசி, கண்ணாடி மூடிய பெட்டியில் வைத்தால் போதும். கைவேலை தெரிந்தவர்கள் இதை வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொண்டார்கள். 1980-ல் மெல்பர்னில் தொடங்கிய மாற்றுத் தொழில்நுட்பச் சங்கம் தன் 'சாஃப்ட் டெக்னாலஜி' இதழ் மூலம் இத்தகைய முயற்சிகளை வளர்த்தது.

அப்படியொரு பழைய பேனல் உள்ள வீட்டை வாங்கினால், அதை உடனே காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது பெட்டிதான். கண்ணாடி ஓரத்து ரப்பர் பொடிந்து மழைநீர் இறங்கியிருக்கும்; சூடு வெளியேறாமல் காக்கும் கிளாஸ்வூல் ஊறியிருக்கும்; காலையில் கண்ணாடியின் உட்புறம் முத்து முத்தாய் நீர் கோத்து நிற்கும். இதையெல்லாம் மாற்றிவிடலாம்.

மாற்ற முடியுமா என்று யோசிக்க வேண்டியது, குழாயும் தகடும் சேரும் பற்றவைப்பைத்தான். தகட்டின் சூடு தண்ணீருக்குப் போக அதுதான் வழி. அது நெடுக விட்டுப்போயிருந்தால் தகடு கொதிக்கும், தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். அத்தகைய பேனலைக் காயலான் கடைக்கு விற்றுவிடுவதே நல்லது. பற்றவைப்பு உறுதியாக இருந்தால் பழைய சாயத்தை நீக்கி, சூடு தாங்கும் மங்கல் கறுப்பை மெல்லிசாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் சாயமே சூட்டைத் தடுக்கும். கிளாஸ்வூலுக்குப் பதில் தெர்மோகோல் வேண்டாம். தண்ணீர் ஓடாத கோடைப் பகலில் பெட்டிக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டும், அது இளகிவிடும்.

பெட்டியின் முதுகுப் பலகையில் கவனம் வேண்டும். 1990-க்கு முந்தைய ஃபைப்ரோ சிமெண்ட் தகடு என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை அறுக்காதீர்கள், துளையிடாதீர்கள். உரிமம் பெற்றவரைக் கூப்பிடுங்கள்.

தமிழ்நாட்டில் தெற்கு பார்த்து நிற்கும் பேனல் இங்கே வடக்கு பார்க்கும். நம் ஊர்ச் சமவெளியில் அறியாத இன்னொரு தொல்லை, உறைபனி. மேகமில்லாத இரவில் தகடு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுவதால், வெளிக்காற்று 2, 3 டிகிரியில் இருக்கும்போதே குழாய்க்குள் நீர் உறைந்து செம்பைப் பிளந்துவிடும். மெல்பர்னிலும் சிட்னியின் மேற்குப் பகுதிகளிலும் குளிர்காலத்துக்கு முன் பேனலை வடித்துவிடுங்கள், அல்லது உறையாத திரவம் ஓடும் தனிச் சுற்றாக மாற்றுங்கள்.

வெந்நீர்த் தொட்டியோடு பேனலை இணைக்கும் வேலையை உரிமம் பெற்ற பிளம்பரிடம் விடுங்கள். லெஜியோனெல்லா கிருமி வளராதிருக்கத் தொட்டி நீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும். குளியலறைக் குழாயில் 50-ஐத் தாண்டக் கூடாது. காய்ந்து கிடக்கும் பேனலில் நண்பகலில் தண்ணீர் விட்டால் ஆவி சீறும். துணி போட்டு மூடி, அதிகாலையில் நிரப்புங்கள்.