போட்டிக்குப் போன போர்வை

பழைய புடவைத் துண்டுகளை இணைத்து நான் தைத்த ஒட்டுப் போர்வையைப் போட்டிக்கு அனுப்பச் சொன்னது என் பெண்தான். எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் வருஷா வருஷம் கைவேலைக் கண்காட்சி நடக்கும். "கந்தலுக்குப் பரிசா?" என்று என் கணவர் சிரித்தார். சிரிக்கட்டுமே!

அனுப்ப நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் போர்த்திக்கொள்ள எப்படித் தைத்தாலும் சரி. போட்டி என்றால் நடுவர்கள் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். போன வருஷங்களில் கவனித்திருக்கிறேன். முடிச்சு வெளியே தெரியக்கூடாது. துணிகளை வெட்டுமுன் கட்டாயம் அலசி உலர்த்திவிடுங்கள். நான் சோம்பல்பட்டு விட்டேன். சுங்குடியின் சிவப்புச் சாயம் இறங்கி, பக்கத்து வெள்ளைத் துண்டு ரோஜா நிறமாகிவிட்டது. பிரித்து மாற்ற ஒரு மத்தியானம் போயிற்று. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் சுருக்கம் விழும்.

இதெல்லாம் பெரிதில்லை. விண்ணப்பத்தில் "முழுவதும் என் சொந்தக் கைவேலை" என்று கையெழுத்துப் போட வேண்டும். அங்கேதான் என் கை நின்றது. ஓரத்துப் பட்டி நாலு பக்கமும் என் மாமியார் தைத்தது. 78 வயதில், கண்ணாடியை மூக்கில் இறக்கிக் கொண்டு!

"யாருக்குத் தெரியப் போகிறது? போடு கையெழுத்தை" என்றார் அவரே.

என் பெண் எப்போதோ படித்துச் சொன்ன சமாச்சாரம் நினைவுக்கு வந்தது. 1933-ல் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி சியர்ஸ் கம்பெனி ஒட்டுப் போர்வைப் போட்டி நடத்தியது. வந்தவை 24,000-க்கு மேல். முதல் பரிசு 1,000 டாலர். வேலையில்லாமல் ஜனங்கள் திண்டாடிய அந்தக் காலத்தில் அது பெரும் பணம். பரிசு வாங்கிய கென்டக்கி மாநிலத்துப் பெண்மணி அதில் ஒரு தையல்கூடப் போடவில்லை. கூலிக்குத் தைத்துக் கொடுத்த பெண்களுக்குப் பரிசில் காலணா பங்கில்லை. பிழைப்பு போய்விடுமே என்று அவர்களும் வாயைத் திறக்கவில்லை. போர்வையோ ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவிக்கு அன்பளிப்பாகப் போயிற்று!

நான் இரண்டு பேர் பெயரையும் எழுதினேன். "ஒருத்தர் பெயர்தான் ஏற்போம்" என்று போட்டியிலிருந்து எடுத்துவிட்டு, 'பார்வைக்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டி மாட்டினார்கள். எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன்? மாமியார் மட்டும் மூன்று நாளும் வந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "இந்த ஓரம் நான் போட்டது" என்று காட்டிக்கொண்டிருந்தார்.